எட்டாம் கட்டளையிலிருந்து தொடங்குங்கள்: செய்தி, வாக்கு, சினிமா குறித்து ஒரு கத்தோலிக்க வீட்டுக்கான வழிகாட்டி

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே உள்ள பலகையில் ஒரு மூங்கில் கூடை வைக்கப்படும். செபமாலை முடியும்வரை வீட்டிலுள்ள நான்கு கைப்பேசிகளும் அந்தக் கூடையில்தான் கிடக்க வேண்டும். முதல் வாரத்தில் துக்க தேவ இரகசியங்களின் நடுவே கூடை உறுமிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் உறுமலுக்கும் நால்வரின் கண்களும் ஒருசேர அந்தப் பக்கம் திரும்பின. செய்தியும் அரசியலும் சினிமாவும் எங்கள் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகின்றன என்பதை அந்த வாரம்தான் நான் சரியாகக் கவனித்தேன்.

எங்கள் கோயில் பங்கில் எனக்குப் 'பழமைவாதி' என்று பெயர். முழந்தாளிட்டு நாவில் நற்கருணை வாங்குபவன், வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை (இறைச்சி தவிர்ப்பதை) இன்றும் காப்பவன், மனித உயிர் குறித்தும் திருமணம் குறித்தும் திருச்சபை கற்பிப்பதைக் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும் என்று நினைக்காதவன் என்ற பொருளில் அந்தப் பெயரை நான் மறுப்பதில்லை. பல ஆண்டுகள் ஞாயிறு ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பு எடுத்ததில், என்னைப் போன்ற பெற்றோர் செய்யும் தவறு ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊடகம் என்றதும் நாங்கள் நேரே 'விபசாரம் செய்யாதே' என்ற ஆறாம் கட்டளைக்குப் போய்விடுகிறோம். ஆபாசக் காட்சி வந்தால் பதறிப்போய் ரிமோட்டைத் தேடுகிறோம். அதே தொலைக்காட்சியில் நான்கு பேர் கூடி ஒரு மனிதரை ஆதாரமில்லாமல் ஒரு மணி நேரம் தூற்றும்போது, சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆறாம் கட்டளை சிறியது என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ஆனால் 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்ற எட்டாம் கட்டளையை வீட்டில் நிலைநாட்டாமல் மற்றவற்றைக் காத்துவிட முடியாது என்பதே நான் கண்டது.

பகிர்வதற்கு முன்

முதலில் மூன்று பாவங்களின் பெயர்களைக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் அவற்றை வரிசையாகச் சொல்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவர் தவறு செய்தார் என்று மனத்துக்குள்ளேயே முடிவு கட்டிவிடுவது அவசரத் தீர்ப்பு. ஒருவரிடம் உண்மையிலேயே இருக்கும் குறையை, தக்க காரணமில்லாமல், அதை அறியாதவரிடம் போய்ச் சொல்வது புறணி. இல்லாததைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது அவதூறு. மூன்றாவதை எல்லோரும் பாவம் என்று ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் வகுப்பில் கைகள் உயரும்: "உண்மையைத்தானே சார் சொல்றோம், அதுல என்ன தப்பு?" உண்மையாகவே இருந்தாலும், அதை அறிந்துகொள்ள உரிமையோ தேவையோ இல்லாதவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அயலானின் நற்பெயரைத் திருடுவது என்பது பழைய ஞானோபதேசம். அடுத்த தெருப் பெண் யாருடன் போனாள் என்ற காணொளியை வாட்ஸ்அப்பில் பகிர்வது எந்த வகையில் சேரும் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்வார்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், குடும்பத்தைப் பற்றித் திருத்தந்தை சொன்னதாக வந்த உருக்கமான ஒரு பத்தியை எங்கள் அன்பிய (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின்) வாட்ஸ்அப் குழுவில் நானே பகிர்ந்தேன். முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அன்று மாலை திருப்பலி முடிந்ததும் உதவிப் பங்குத்தந்தை என்னைத் தனியே அழைத்து, "சார், இது எந்த மறையுரையில வருது?" என்று கேட்டார். "தெரியலை ஃபாதர், நல்லா இருந்துச்சு, அனுப்பினேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு உறுத்தியதால் வீட்டுக்கு வந்து தேடினேன். அப்படி ஒரு பத்தி திருத்தந்தையின் எந்த உரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கருத்து நல்லதுதானே என்று மனம் சமாதானம் சொன்னது. நல்ல கருத்தைப் பொய்யான வாயில் வைப்பதும் பொய்ச்சாட்சிதான் என்று அன்று எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. திருத்தந்தை சொன்னார் என்று ஏதாவது வந்தால், எந்த நாள், எந்த இடம், எந்த உரை என்ற மூன்று விவரங்களும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் அது அங்கேயே நிற்கட்டும். இருந்தால் வத்திக்கானின் இணையதளத்தில் முழு உரையைத் தேடுகிறேன். ஆங்கிலம் கடினம் என்பவர்களுக்கு வத்திக்கான் செய்திகள் தமிழிலேயே நாள்தோறும் வருகின்றன. படமாகவோ காணொளியாகவோ வந்தால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2016இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, திருத்தந்தை பிரான்சிஸ் டொனால்ட் டிரம்பை ஆதரித்துவிட்டார் என்ற கட்டுக்கதை ஃபேஸ்புக்கில் இலட்சக்கணக்கான முறை கைமாறியது. 2023 மார்ச்சில் அவர் வெள்ளைப் பஞ்சுக் குளிரங்கி அணிந்திருப்பது போலச் செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தை உலகமே நம்பியது. 2025 மே 8 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட சில வாரங்களிலேயே, அவர் பேசாத உரைகள் அவருடைய குரலிலேயே யூடியூபில் வரத் தொடங்கிவிட்டன. திருத்தந்தைக்கே இந்த நிலை என்றால், நம் ஊர் வேட்பாளர் பேசியதாக வரும் காணொளியை என்னவென்று நம்புவது?

தவறாகப் பகிர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. பதிவை ஓசையில்லாமல் அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். உண்மைக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கு ஈடுசெய்தே ஆக வேண்டும் என்று மறைக்கல்வி நூலின் 2487ஆம் எண் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில்) மன்னிப்புப் பெற்றாலும் அந்தக் கடன் தீராது. ஆகவே எந்தக் குழுவில் பகிர்ந்தோமோ அதே குழுவில், "நேற்று நான் அனுப்பியது உண்மையல்ல, நம்ப வேண்டாம்" என்று எழுத வேண்டும். முதல் முறை விரல் கூசும். எனக்கும் கூசியது. ஆனால் அப்படி இரண்டு முறை எழுதியவர் மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு எதையும் அனுப்ப மாட்டார்.

திருச்சபையைப் பற்றிய செய்தி

பொதுச் செய்தி நிறுவனங்கள் திருச்சபையைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் பகையால் அல்ல, அவசரத்தாலும் அறியாமையாலும் தவறுகின்றன. 2013 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவிலிருந்து திரும்பும் விமானத்தில், ஓரினச் சேர்க்கை நாட்டமுள்ள ஒருவர் நல்மனத்தோடு ஆண்டவரைத் தேடினால் அவரைத் தீர்ப்பிட நான் யார் என்று திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டார். அதன் பின்பாதி மட்டும் உலகைச் சுற்றியது. நல்மனத்தோடு ஆண்டவரைத் தேடுவது என்ற முன்பாதி விமானத்திலேயே தங்கிவிட்டது. 2023 டிசம்பர் 18 அன்று ஆசீர்வாதங்களைப் பற்றிய ஆவணம் வெளியானபோது, ஒரே பாலினத்தவர் திருமணத்தைத் திருச்சபை ஏற்றுவிட்டது என்ற தொனியில் செய்திகள் வந்தன. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற போதனை மாறவில்லை என்று அதே ஆவணம் தொடக்கத்திலேயே சொல்கிறது. அந்த ஆவணம் விவேகமானதா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் தயக்கங்கள் உண்டு. ஆனால் படிக்காமலே கொதித்த பழமைவாதிகளும் படிக்காமலே கொண்டாடிய முற்போக்காளர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள் என்பேன்.

நம் பக்கத்துச் சேனல்களை நாம் குறைவாகவே சந்தேகிக்கிறோம். திருத்தந்தை எதைச் செய்தாலும் சிவப்பு எழுத்தில் 'துரோகம்' என்று போடும் ஆங்கிலக் கத்தோலிக்க யூடியூப் சேனல்கள் சிலவற்றை நானும் ஒரு காலத்தில் பார்த்தேன். இலத்தீன் திருப்பலி, புனிதர் வரலாறு, பழைய செபங்கள் ஆகியவற்றை அவற்றில் கற்றுக்கொண்டேன் என்பது உண்மை. ஆனால் பார்த்து முடித்ததும் செபிக்கத் தோன்றியதா, யாரையாவது திட்டத் தோன்றியதா என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். குறிப்பைப் பார்த்தபின் அவற்றில் மூன்றை நீக்கிவிட்டேன். பிறர் கூற்றுக்கு இயன்றவரை நல்ல பொருள் கொள்ள வேண்டும் என்று புனித இஞ்ஞாசியார் சொன்னது, மறைக்கல்வி நூலின் 2478ஆம் எண்ணில் எடுத்தாளப்படுகிறது. அந்த விதியில் ஆயர்களுக்கும் திருத்தந்தைக்கும் விலக்கு வைத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குருக்களின் பாலியல் குற்றங்களைப் பற்றிய செய்தி வரும்போது, "இது திருச்சபைக்கு எதிரான சதி" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைப்பது எட்டாம் கட்டளையைக் காப்பதாகாது. 2002இல் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் நடந்தவை வெளிவந்தது ஒரு நாளிதழின் உழைப்பால்தான். குற்றத்தை மறைத்த ஆயர்களையும் விசாரணைக்கு உட்படுத்தும் விதிமுறையை 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் பிறப்பித்தார். நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இங்கே புறணி என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தையைக் காப்பதைவிடத் தக்க காரணம் எதுவும் இல்லை. குற்றம் செய்த குருவைவிட, அதை மறைத்து வைத்த கூட்டத்தாலேயே பலர் விசுவாசத்தை இழந்தார்கள். நம் முன்னோர் அதைத்தான் 'துர்மாதிரிகை' (பிறரை வழிதவற வைக்கும் கெட்ட முன்மாதிரி) என்றார்கள்.

வாக்குச்சாவடிக்குப் போகும் முன்

மேலே சொன்ன ஆங்கிலச் சேனல்களால் வரும் இன்னொரு குழப்பம் அரசியலில் தெரிகிறது. அமெரிக்காவில் 1973 முதல் 2022 ஜூன் 24 வரை கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக வைத்திருந்த தீர்ப்பை மையமாக வைத்து இரண்டு முகாம்கள் உருவாயின. அங்குள்ள பழமைவாதக் கத்தோலிக்கர் ஒருவர் எந்தக் கட்சிக்கு ஏன் வாக்களிக்கிறார் என்பதை அந்த வரலாற்றோடுதான் புரிந்துகொள்ள முடியும். அதை அப்படியே இறக்குமதி செய்து, 'வலது' என்றால் நம் பக்கம், 'இடது' என்றால் எதிரி என்று தமிழ்நாட்டில் பேசும் இளைஞர்களை நான் பார்க்கிறேன். இங்கே 1971இல் இயற்றப்பட்டு, 2021இல் மேலும் தளர்த்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி தரும் பெரிய கட்சி ஒன்றுகூட இல்லை. பகுத்தறிவு பேசி வளர்ந்த கட்சிகள் நம் பள்ளிகளின் சிறுபான்மை உரிமையைக் காக்கும். குடும்பம், பண்பாடு என்று பேசும் கட்சிகளின் மேடைகளில் நம் வழிபாடே சந்தேகத்துக்கு உரியதாகும். இந்த நிலத்தில் அமெரிக்க வரைபடத்தை விரித்தால் வழி தவறும்.

அதற்கு மாறாக, 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலை ஒரு முறை படியுங்கள். (எங்கள் தாத்தா காலத்தில் லியோ என்ற பெயரைச் சிங்கராயர் என்றே சொல்வார்கள்.) அவர் சோசலிசத்தைக் கண்டித்தார், தனிச்சொத்துரிமையைக் காத்தார், அதே மூச்சில், சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கப் போதாத கூலியைக் கொடுப்பது அநீதி என்றார், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை ஆதரித்தார். இதை எந்தக் கட்சியின் பெட்டியில் அடைப்பீர்கள்? இப்போதைய திருத்தந்தை அந்தப் பெயரையே தேர்ந்தெடுத்தது, செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய தொழிற்புரட்சியை மனத்தில் வைத்துத்தான் என்று அவரே கர்தினால்களிடம் சொன்னார்.

நடைமுறையில் நான் செய்வது இது. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தாளை எடுத்து, எந்தக் காரணத்தாலும் ஆதரிக்க முடியாதவற்றை ஒரு பக்கமும், கத்தோலிக்கரிடையே நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கக்கூடியவற்றை மறுபக்கமும் எழுதுகிறேன். பிறவாத குழந்தையின் உயிரும் முதியோரின் உயிரும் முதல் பக்கம். பேருந்துக் கட்டணம், மானியம், மொழிக்கொள்கை, வரி எல்லாம் மறுபக்கம். இவற்றில் எனக்கு எதிராக வாக்களிப்பவரும் நல்ல கத்தோலிக்கரே. எல்லா வேட்பாளர்களும் முதல் பக்கத்தில் தவறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட்) 2004இல் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய குறிப்பு உதவும். ஒருவருடைய தீய நிலைப்பாட்டுக்காகவே அவருக்கு வாக்களிப்பது பாவத்தில் நேரடிக் கூட்டு; அந்த நிலைப்பாட்டை ஏற்காமல், அதற்கு ஈடான கனமான வேறு காரணங்களுக்காக வாக்களிப்பது அனுமதிக்கப்படலாம் என்பது அதன் சாரம். 'ஈடான கனமான' என்ற சொற்களை மறந்துவிடாதீர்கள். தெருவில் சாலை போட்டுத் தருவது ஓர் உயிருக்கு ஈடாகாது.

வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது கும்பிட்டு அனுப்பிவிடாமல் கேள்வி கேளுங்கள். மக்களவைத் தேர்தல் என்றால், பட்டியல் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவரை 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியிலிருந்து விலக்கி வைத்திருப்பதையும், 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்கு இன்னும் மூடியிருப்பதையும் கேளுங்கள். சட்டமன்றத் தேர்தல் என்றால், 2003 முதல் அரசே நடத்தும் மதுக்கடைகளைப் பற்றிக் கேளுங்கள். குடும்பத்தைக் காப்போம் என்று பேசும் நாம், நம் பங்கில் குடும்பங்களை அதிகம் சிதைப்பது எது என்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துகொள்ளலாம். கூடவே, தலித் கிறிஸ்தவர் உரிமையை வேட்பாளரிடம் கேட்கும் நீங்கள், உங்கள் ஊர்த் தேர் எந்தத் தெருவுக்குள் போகாமல் திரும்புகிறது என்பதையும் பாருங்கள். மரபு என்ற பெயரில் சாதியைக் காப்பவரை நான் பழமைவாதக் கத்தோலிக்கராகக் கணக்கில் வைப்பதில்லை.

பணத்தைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே பணப்பட்டுவாடாவால் ரத்து செய்யப்பட்டது. கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் சட்டப்படி குற்றவாளி. "வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாமே" என்று திருப்பலிக்கு வரும் பெரியவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கை நீட்டி வாங்கும்போது வாக்களிப்பேன் என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். பிறகு வேறொருவருக்குப் போட்டால் அது பொய், அவருக்கே போட்டால் அது விற்பனை. எப்படிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கட்டளை உடைகிறது. எங்கள் வீட்டில் கதவுக்கு அடியில் உறை ஒன்று வந்து விழுந்த இரவில், என் மனைவி அதைப் பிரிக்காமல் எடுத்துப் போய்த் தெருமுனையில் நின்றவரிடமே கொடுத்துவிட்டு, "அண்ணே, இது உங்ககிட்டேர்ந்து விழுந்திருச்சு" என்றாள். சண்டை இல்லை, பிரசங்கம் இல்லை.

மறையுரையில் கட்சிப் பெயர் வருவதை எதிர்பார்க்காதீர்கள்; வந்தால் பிறகு பங்குத்தந்தையிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். குருக்கள் கட்சி அரசியலில் முனைப்பாகப் பங்கேற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 287ஆம் எண் தடுக்கிறது. மதத்தின் பெயரால் வேட்பாளர் தரப்பு வாக்குக் கேட்பதை நாட்டின் சட்டம் முறைகேடாகக் கருதுகிறது, 2017இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கமாகப் பொருள்கொண்டது. அரசியல் பொதுநிலையினரின் வேலை. சாமியாரிடம் போய் "யாருக்கு ஃபாதர் போடணும்?" என்று கேட்பது, நாம் செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டுவது.

சினிமாவும் சீரியலும்

திருச்சபை கேளிக்கைக்கு எதிரி என்று நினைப்பவர்களுக்கு நம் வரலாறு தெரியாது. வீரமாமுனிவர் காப்பியம் பாடியதோடு நிற்கவில்லை. ஒரு மூட குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் வைத்து ஊரே வயிறு குலுங்கச் சிரிக்கும் கதையையும் எழுதினார். பாஸ்கு (இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம்) மேடையும் ஞானசௌந்தரி நாடகமும் விடிய விடிய நடந்த ஊர்கள் நம்முடையவை. 1931இல் மார்க்கோனியையே அழைத்து வானொலி நிலையம் அமைத்தவர் திருத்தந்தை 11ஆம் பயஸ். அவரேதான் 1936 ஜூன் 29 அன்று திரைப்படத்தைப் பற்றித் தனிச் சுற்றுமடல் எழுதி, தீய படங்களைப் பார்க்க மாட்டோம் என்று அமெரிக்கக் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் எடுத்த உறுதிமொழியைப் பாராட்டினார்.

அந்த அமெரிக்க இயக்கம் படங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்து, சி என்றால் கண்டிக்கப்பட்டது என்று அறிவித்தது. அதில் பயனும் இருந்தது, குறையும் இருந்தது. பட்டியலைப் பார்க்கக் கற்றுக்கொண்ட மக்கள் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கணிப்பு. சினிமாவுக்கு நூறாண்டு ஆனதை ஒட்டி 1995இல் வத்திக்கான் 45 நல்ல படங்களின் பட்டியலை வெளியிட்டபோது, மார்க்சியரான பசோலினி எடுத்த மத்தேயு நற்செய்திப் படமும் அதில் இடம்பெற்றது. எடுத்தவர் யார் என்பதைவிடப் படம் மனிதரைப் பற்றி உண்மையைச் சொல்கிறதா என்பதே அங்கே அளவுகோல். மீண்டும் எட்டாம் கட்டளைதான்.

வீட்டில் இதை இப்படிச் செய்யுங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் குடிக்கும்போது திரையின் மூலையில் 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு' என்று எழுதிவிட்டு, அதே குடியை நட்பின் அடையாளமாக நான்கு நிமிடப் பாட்டில் கொண்டாடுவதைச் சான்றிதழ் பிடிக்காது, நீங்கள்தான் பிடிக்க வேண்டும். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் அறிவுரை சொல்லாமல் கேள்வி கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைக் கடைசிவரை துரத்திய அவன் நம் வீட்டு வாசலில் நின்றால் அப்பா என்ன செய்ய வேண்டும் என்று என் மகளிடம் ஒரு முறை கேட்டேன். "போலீஸுக்குப் போன் பண்ணணும்பா" என்றாள். அந்தப் பாட்டை அவள் இன்னும் முணுமுணுக்கிறாள். ஆனால் அவனைக் காதலன் என்று சொல்வதில்லை.

நம் குருவானவரைத் திரையில் காட்டும் விதமும் நல்ல பாடம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை அங்கியணிந்த நடிகர் ஓடிப்போய்க் காவல் ஆய்வாளரிடம் சொல்வதாகக் காட்சி வரும். அப்போது நிறுத்திவிட்டு, பாவசங்கீர்த்தன இரகசியம் மீற முடியாதது என்று திருச்சபைச் சட்டம் 983ஆம் எண் சொல்வதையும், அதை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை ஒன்றிப்பிலிருந்து விலக்கப்படுவதையும் சொல்லுங்கள். ஞானோபதேச வகுப்பில் தூங்கும் பையன்கூட இதைக் கண் விரித்துக் கேட்பான். தடை கேட்டுத் தெருவில் இறங்குவதைவிட இது பயன் தரும் என்று எண்ணுகிறேன். 2006இல் ஒரு ஹாலிவுட் படத்துக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அதுவரை அந்தப் படத்தின் பெயரே தெரியாத என் உறவினர் மூவர் திருட்டு வட்டில் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள்.

சீரியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவசரத் தீர்ப்பு, புறணி, அவதூறு மூன்றையும் வாரத்தில் ஆறு நாள் இலவசமாகக் கற்றுத்தரும் பள்ளி அது. ஒட்டுக்கேட்டல் இல்லாமல் ஒரு வாரக் கதை நகர்வதை நான் பார்த்ததில்லை. என் தாயாரிடம் இதைச் சொன்னேன், "நீ பாக்குற டிபேட் மட்டும் என்னவாம்?" என்றார். அன்றோடு விவாத நிகழ்ச்சியை நான் விட்டேன், சீரியலை அவர் விடவில்லை.

நம் கோயில் மைதானத்தையும் விட்டுவிடக் கூடாது. கொடியேற்றத்திலிருந்து ஒன்பது நாள் நவநாள் செபம் சொல்லிவிட்டு, பத்தாம் நாள் தேர் நிலைக்கு வந்ததும் அதே ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டும் சாதிப் பெருமைப் பாட்டும் அலறுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கமிட்டியில் இருப்பவர்கள் பாடகரோடு ஒப்பந்தம் போடும் நாளிலேயே பாடல் பட்டியலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மேடை ஏறியபின் தடுக்கப் போனால் இளைஞர்களோடு கைகலப்புதான் மிஞ்சும்.

இப்போது ஆறாம் கட்டளை

ஆபாசப் படம் கனமான குற்றம் என்று மறைக்கல்வி நூலின் 2354ஆம் எண் சொல்கிறது. நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் என எல்லோரையும் அது காயப்படுத்துகிறது என்றும் சொல்கிறது. இதில் பெற்றோருக்கு நான் சொல்வது மூன்றுதான். இரவில் எந்தக் கைப்பேசியும், அப்பாவுடையது உட்பட, படுக்கையறைக்குள் போகக் கூடாது. பன்னிரண்டு வயதுக்குள், பிறரிடமிருந்து கேட்பதற்கு முன், நீங்களே அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளை மாட்டிக்கொண்டால் அடிக்காமல், ஊருக்குச் சொல்லாமல், வேறு பங்கிலுள்ள குருவிடமாவது பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தெரிந்த சாமியாரிடம் சொல்ல வெட்கப்பட்டே பல பையன்கள் ஆண்டுக்கணக்கில் அந்த அருட்சாதனத்தைத் தவிர்க்கிறார்கள். பிள்ளையின் குறையைச் சித்தப்பாவிடம் சொல்லிப் புலம்புவதும் புறணிதான் என்பதை மறக்க வேண்டாம்.

தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை உணவு நோன்பு) இருப்பவர்கள் கைப்பேசிக்கும் ஒருசந்தி வைக்கலாம்: நாளுக்கு ஒரு வேளை மட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் செய்தி பார்ப்பது. எங்கள் வீட்டில் முதல் ஆண்டு விபூதிப் புதனுக்கு அடுத்த திங்களன்றே இது முறிந்தது. இரண்டாம் ஆண்டு குருத்து ஞாயிறுவரை தாக்குப்பிடித்தோம்.

கூடை வைக்க விரும்புபவர்களுக்கு அனுபவத்தில் கண்ட ஒரு குறிப்பு. அதை மின்செருகிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். "சார்ஜ் போட்டிருக்கேம்பா, எத்தனை சதவீதம் ஏறியிருக்குனு பாத்துட்டு வரேன்" என்று செபமாலையின் மூன்றாம் பத்து மணிகளுக்கு நடுவில் என் மகன் எழுந்து போவான். திரும்பி வரும்போது கிரிக்கெட் ஸ்கோர் அவனுக்குத் தெரிந்திருக்கும்.